வாயில் வராத சொல்

பெங்களூரு சிவாஜிநகரில் ஒரு தையல்காரர். வயது 58. வீட்டில் தமிழ் பேசுவார். கடையில் கன்னடம் பேசுவார்.

ஒரு நாள் காலை மனைவியைக் கூப்பிட்டார்.

"அதை எடு. அது... தைக்கிறது... ஊசி... ஊசி இல்லை..."

"எதைக் கேக்கறீங்க?"

"அதுதான். தார!"

கன்னடத்தில் நூலுக்குத் 'தார' என்று பெயர். தமிழ்ச் சொல் அவருக்கு வரவில்லை. நூல் கண்டைக் காட்டியதும் "ஆமாம்" என்று தலையாட்டினார். வலது கை மரத்துப் போயிருந்தது.

'களைப்பாக இருக்கும், தூங்கினால் சரியாகிவிடும்' என்று வீட்டில் நினைத்தார்கள். மாலையில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே பக்கவாதம் என்று சொன்னார்கள்.

சில நேரம் நமக்கும் பெயர் மறந்து போகும். தொண்டை வரை வரும், வாயில் வராது. பிறகு தானாக வந்துவிடும். அதற்குப் பயம் வேண்டாம். ஆனால் திடீரென்று பேச்சு குழறினால், சொல் மாறி வந்தால், வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே 108க்குப் போன் செய்ய வேண்டும்.

பக்கவாதத்தில் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது. சிலருக்கு வெடித்து இரத்தம் கசியும். எது என்று ஸ்கேன் எடுத்தால் தெரியும். அடைப்பாக இருந்தால் அதைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தையல்காரருக்கு அந்த நேரம் தூக்கத்திலேயே போய்விட்டது.

பெரும்பாலோருக்குப் பேச்சுக்கான இடம் மூளையின் இடது பக்கம் இருக்கிறது. 1861ல் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அவர் "டான், டான்" என்றே சொல்வார். அவர் இறந்த பிறகு மூளையைச் சோதித்தார்கள். இடது பக்கத்தின் முன்பகுதி கெட்டுப் போயிருந்தது. இந்தக் குறைக்கு அஃபேசியா என்று பெயர். தலையில் அடிபட்டாலும், மூளையில் கட்டி வந்தாலும் இது வரலாம். இதில் பேயும் இல்லை, செய்வினையும் இல்லை.

தையல்காரர் வீடு திரும்பினார். உறவினர்கள் வந்தார்கள். காது கேட்காதவரிடம் பேசுவது போல் அவரிடம் கத்தினார்கள். "புத்தி போயிடுச்சு" என்றார் ஒருவர். கடையை விற்றுவிடலாம் என்று அவர் எதிரிலேயே பேசினார்கள்.

அவருக்கு எல்லாம் புரிந்தது. 'வேண்டாம்' என்று சொல்ல நினைத்தார். "வேணும், வேணும்" என்று வாயில் வந்தது. சம்மதித்துவிட்டார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அவர் கண்ணில் நீர் நின்றது. மனைவி மட்டும் அதைப் பார்த்தார். கடைச் சாவியை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தார். அவர் இறுக மூடிக்கொண்டார். விற்கும் பேச்சு அதோடு நின்றது.

பிறகு பேச்சுப் பயிற்சிக்குப் போனார்கள். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் இந்தப் பயிற்சி உண்டு. மைசூரில் இதற்கென்றே 1965ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது.

இந்த நோயில் படித்த எழுத்தும் மறக்கலாம். தையல்காரருக்குத் தம் கடைப் பலகையையே படிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கடகடவென்று எண்ணினார். பழைய பாட்டைச் சொல் பிசகாமல் பாடினார். பலருக்கு இப்படித்தான்.

மனைவியும் பழகிக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்பார். பொருளைக் காட்டிக் கேட்பார். அவசரப்பட்டுச் சொல்லை எடுத்துக் கொடுக்க மாட்டார். "நூ..." என்று தொடங்கிவிட்டுக் காத்திருப்பார்.

சில நாள் 'நூல்' வருகிறது. சில நாள் 'தார'தான் வருகிறது. எது வந்தாலும் மனைவி நூல் கண்டை எடுத்துக் கொடுக்கிறார். கடை திறந்திருக்கிறது.