மூன்றே முக்கால் வட்டிக்கு யார் கடன் வாங்குவார்கள்?

நம் ஊர்களில் வட்டியை நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்றுதான் பேசுவார்கள். ஒரு வட்டி என்றால் சகாயம். இரண்டு வட்டி என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். மூன்று வட்டி என்றால் "வேறு வழியே இல்லையா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கிரெடிட் கார்டு பில்லின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "மாதம் 3.75 சதவீதம்" என்று அச்சிட்டிருப்பதும் இதே கணக்குதான். நூற்றுக்கு மூன்றே முக்கால் வட்டி. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. தனிநபர் கடன், நகைக்கடன், வீட்டுக்கடன் வட்டிக்கெல்லாம் ஜிஎஸ்டி கிடையாது. கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. இரண்டையும் சேர்த்தால் மாதம் 4.425 சதவீதம், நாலரை வட்டிக்குச் சற்றே குறைவு. ஆண்டுக்கு 53 சதவீதம்.

தெருவில் ஒருவர் இந்த வட்டிக்குக் கொடுத்தால் வாங்கத் தயங்கும் குடும்பங்கள் கார்டில் இதே வட்டியை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். கார்டைப் பற்றிச் சில நம்பிக்கைகள் வாய்வழியாகப் பரவி நிலைத்துவிட்டன. அவற்றில் பணத்தை அதிகம் கரைப்பவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: "மினிமம் கட்டிவிட்டால் வட்டி வராது."

எல்லாவற்றிலும் விலை அதிகமான நம்பிக்கை இது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது. தவணை தவறியவர் என்று சிபிலுக்குத் தகவல் போகாது. அதனால் கிடைப்பது அவ்வளவுதான். வட்டி ஒரு நாள்கூட நிற்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் 2ஆம் தேதி 50,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்குகிறீர்கள். ஏப்ரல் 20 பில் தேதி, மே 8 கட்டவேண்டிய கடைசி நாள். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 2,500 ரூபாய். மே 8 அன்று சரியாக அதைக் கட்டிவிடுகிறீர்கள். மே 20இல் அடுத்த பில் வருகிறது. முழுத்தொகையையும் கட்டாததால், கடைசி நாளிலிருந்து தொடங்கவேண்டும் என்று நீங்கள் நினைக்கும் வட்டி, பொருள் வாங்கிய ஏப்ரல் 2இலிருந்தே கணக்காகிறது. 50,000 ரூபாய்க்கு 36 நாள், மீதி 47,500க்கு 13 நாள். 45 சதவீத ஆண்டு வட்டியில் இது சுமார் 2,980 ரூபாய். ஜிஎஸ்டி 536 ரூபாய். புதிய பாக்கி 51,017 ரூபாய்!

வேறு எதுவும் வாங்கவில்லை, 2,500 ரூபாய் கட்டியும் ஆயிற்று, கடன் ஆயிரம் ரூபாய் கூடியிருக்கிறது. அடுத்த பில்லில் குறைந்தபட்சத் தொகையும் உயரும். வட்டியையும் வரியையும் அதில் சேர்த்துவிடுவார்கள். கட்டிக்கொண்டே போனாலும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி குறைந்தபட்சத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு வெளியிட்ட கிரெடிட் கார்டு விதிமுறைகளில் சொல்லியிருக்கிறது. செலுத்தாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கு வட்டி போடவும் தடை விதித்திருக்கிறது. நல்ல விதிகள்தான். ஆனால் அவற்றால் கடன் மெல்லக் குறையுமே தவிர, அதன் விலை குறையாது.

வாங்கிய நாளிலிருந்து வட்டி போடும் முறை பல வங்கிகளில் இருக்கிறது. உங்கள் வங்கி எப்படிக் கணக்கிடுகிறது என்பதை அறிய, கார்டோடு வரும் "மிக முக்கிய விதிமுறைகள்" என்ற தாளைப் பாருங்கள். எடுத்துக்காட்டுக் கணக்கு ஒன்று அதில் இருக்கும். கார்டு பற்றி வங்கி உங்களுக்கு அனுப்புவதில் உட்கார்ந்து படிக்கவேண்டிய ஒரே பக்கம் அதுதான் என்பேன்.

நம்பிக்கை: "பழைய பாக்கிக்கு வட்டி வந்தாலும், புதிதாக வாங்குவதற்கு 45 நாள் வட்டியில்லை."

போன பில்லில் ஒரு பகுதி மிச்சம் இருந்தாலே வட்டியில்லா நாட்கள் நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்தக் கார்டில் வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் தேய்த்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். மறுபடி முழுப் பாக்கியையும் தீர்த்தால்தான் அந்தச் சலுகை திரும்பும். ஆகவே பாக்கி வைத்திருக்கும் கார்டை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, அன்றாடச் செலவை யுபிஐயிலோ டெபிட் கார்டிலோ செய்வதுதான் கடன் அடைப்பதன் முதல் படி. பாயின்ட் கிடைக்கிறதே என்று தொடர்ந்து தேய்ப்பவர்களுக்குக் கிடைப்பது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. போவது மாதம் நாலரை.

நம்பிக்கை: "வட்டி குறைந்த கார்டாகப் பார்த்து வாங்கினால் போதும்."

கார்டுகளின் வட்டியை ஒப்பிடும் பட்டியல்களை நிறையப் பேர் தேடிப் படிக்கிறார்கள். படிப்பதில் தவறில்லை. ஆனால் சாதாரணச் சம்பளக்காரருக்குக் கிடைக்கும் கார்டுகளில் பெரும்பாலானவை மாதம் 3.5இலிருந்து 3.75 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பெரும் வருமானக்காரர்களுக்கான உயர்ரகக் கார்டுகளிலும், வைப்புநிதியை ஈடாக வைத்து வாங்கும் கார்டுகள் சிலவற்றிலும் வட்டி குறைவு. மற்றபடி ஒரு கார்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் லட்சத்துக்கு மாதம் 250 ரூபாய், ஜிஎஸ்டியோடு 295. முழுத்தொகையையும் கெடு தேதிக்குள் கட்டிவிடுபவருக்கு அந்த வித்தியாசமும் கிடையாது. அவருக்கு எந்தக் கார்டானாலும் வட்டி பூஜ்யம்தான்.

ஒப்பிட வேண்டியது கார்டை இன்னொரு கார்டோடு இல்லை, கார்டுக் கடனை மற்றக் கடன்களோடு. ஒரு லட்ச ரூபாய் கார்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வங்கியில் 14 சதவீதத் தனிநபர் கடனாக மாற்றி இரண்டு ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 4,800 ரூபாய். மொத்த வட்டி 15,000 ரூபாய்ச் சொச்சம். அதே 4,800 ரூபாயை மாதந்தவறாமல் கார்டுக்கே கட்டுகிறீர்கள் என்றால், முதல் மாதத்தில் 4,425 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் கழிவது 375 ரூபாய். இந்த வேகத்தில், புதிதாக ஒரு பைசாகூடத் தேய்க்காமல் இருந்தால், கடன் தீர ஏறத்தாழ 59 மாதம் ஆகும். வட்டியும் வரியுமாக 1,80,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். கையிலிருந்து போகும் மாதத் தொகை இரண்டிலும் ஒன்றுதான். ஒன்று இரண்டு ஆண்டு, மற்றது ஐந்து ஆண்டு.

நம் வீடுகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கார்டில் 53 சதவீதத்துக்குக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் பல வீடுகளில் பீரோவில் நகை சும்மா இருக்கிறது, வங்கியில் வைப்புநிதி ஏழு சதவீதத்துக்குள் வளர்கிறது. நகையை அடகு வைப்பது மானக்குறைவு, கார்டில் பாக்கி வைப்பது யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணம். கணக்கைப் பாருங்கள். வங்கி நகைக்கடன் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொண்டால், லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய். கார்டில் 4,425. வைப்புநிதியை உடைக்கவும் வேண்டாம். அதன்மேல் கடன் வாங்கினால் வழக்கமாக அந்த வைப்புநிதி வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாகக் கேட்பார்கள்.

நகைக்கடனில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். கார்டுக் கடனுக்கு அப்படி ஈடு எதுவும் இல்லை. அதனால் மாத வரவில் அடைக்கத் திட்டம் உள்ளவர்களுக்குத்தான் இந்த வழி. நகையை வைத்துக் கார்டைத் தீர்த்துவிட்டு, தீர்ந்த கார்டை மறுபடி தேய்க்கத் தொடங்கினால் இரண்டு கடனாகிவிடும். அப்படி ஆன குடும்பங்கள் உண்டு. கடனை மாற்றும் அன்றே, கார்டின் வரம்பைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பேலன்ஸ் டிரான்ஸ்பர், அதாவது ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டுக்கு மாற்றுவதும் சிலருக்கு உதவும். செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, குறைந்த வட்டி எத்தனை மாதம், அதற்குப் பின் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டுக்கொண்டு சம்மதியுங்கள்.

நம்பிக்கை: "30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது சட்டவிரோதம்."

இது ஒரு காலத்தில் பாதி உண்மை. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் கார்டுக் கடனுக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டியை நெறிப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை, ஆணையத்தின் வேலை இல்லை என்றது. ரிசர்வ் வங்கியோ ஓர் எண்ணைச் சொல்லி உச்சவரம்பு வைக்கவில்லை. அநியாய வட்டி கூடாது, ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது தனியாரின் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றுக்கானது. எண்ணோடு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை "சட்டம் காப்பாற்றும்" என்று பாக்கி வைக்காதீர்கள்.

நம்பிக்கை: "நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டியே கிடையாது."

வட்டியில்லாக் கடன் என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013இலேயே சொல்லிவிட்டது. வட்டி உண்டு, அதற்குச் சமமான தொகையைக் கடையோ நிறுவனமோ விலையில் தள்ளுபடியாகக் கொடுக்கிறது. 30,000 ரூபாய் செல்பேசியை மாதம் 5,000 வீதம் ஆறு தவணையில், 15 சதவீத வட்டியில் வாங்கினால் அதில் அடங்கிய வட்டி 1,270 ரூபாய். அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி 229 ரூபாய் உங்கள் பில்லில் வரும். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக, ஏறத்தாழ 460 ரூபாய். பெரிய தொகை இல்லை, தேவையான பொருளுக்கு இதைக் கொடுப்பதில் தப்பில்லை. மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டா என்று மட்டும் கடையில் கேட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: "அவசரத்துக்கு ஏடிஎம்மில் எடுத்தாலும் 45 நாள் இருக்கிறது."

ரொக்கத்துக்கு ஒரு நாள்கூட இல்லை. எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதுபோக ரொக்கக் கட்டணம் வேறு. இதைத் தெரிந்துகொண்ட சிலர் "ரொட்டேஷன்" செய்கிறார்கள். கமிஷன் வாங்கிக்கொண்டு ஒரு கடைக்காரர் உங்கள் பில்லைக் கட்டுவார். உடனே அதே கார்டைத் தன் மெஷினில் தேய்த்துப் பணத்தை எடுத்துக்கொள்வார். வாங்காத பொருளுக்குத் தேய்ப்பது கார்டு ஒப்பந்தத்துக்கு விரோதம். தெரிந்தால் கார்டை முடக்குவார்கள். மாதம் இரண்டரை சதவீதக் கமிஷன் என்றாலும் ஆண்டுக்கு 30 சதவீதம் போய்விடுகிறது, அசல் அப்படியே நிற்கிறது.

நம்பிக்கை: "செட்டில்மென்ட் பேசி முடித்தால் தீர்ந்தது."

பாதித் தொகைக்கு வங்கி ஒத்துக்கொண்டால் பாக்கி தீரும். ஆனால் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு "க்ளோஸ்டு" என்று வராமல் "செட்டில்டு" என்று வரும். வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது அந்த ஒரு சொல் எதிரே வந்து நிற்கும். வேலை போனவர்கள், பெரிய மருத்துவச் செலவில் சிக்கியவர்களுக்கு இதைவிட்டால் வழி இல்லாமல் போகலாம். அவர்கள் தயங்க வேண்டியதில்லை. கட்ட முடிகிறவர்கள், வங்கியிடம் பாக்கி முழுவதையும் தவணையாக மாற்றித் தரச் சொல்லி முதலில் கேளுங்கள். கேட்டால் பல சமயம் தருகிறார்கள், வட்டியும் குறைகிறது. எதில் முடிந்தாலும் எழுத்து மூலம் கடிதம் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

நம்பிக்கை: "கட்டாவிட்டால் ஜெயில், ஆள் எந்நேரமும் வருவார்கள்."

இந்தப் பயத்தில்தான் பலர் இன்னொரு கடன் வாங்கிக் கார்டைக் கட்டுகிறார்கள், சிலர் இன்னும் விபரீதமான முடிவுக்குப் போகிறார்கள். கார்டுக் கடனைக் கட்ட முடியாமல் போவது உரிமையியல் விஷயம். அதற்காக மட்டும் கைது கிடையாது. காசோலை கொடுத்து அது திரும்பினாலோ, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஏற்பாடு பணமில்லாமல் தவறினாலோ அதன்மேல் குற்ற வழக்குப் போட வழி உண்டு. எனவே பணம் இல்லாதபோது முன்தேதியிட்ட காசோலை கொடுக்காதீர்கள்.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடனுக்காக அழைக்கக் கூடாது என்பது 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. மிரட்டுவது, உறவினர்களையும் நண்பர்களையும் கூப்பிட்டு அவமானப்படுத்துவது எல்லாம் அதில் தடை செய்யப்பட்டவை. நடந்தால் தேதி, நேரம், எண் குறித்துக்கொண்டு முதலில் வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழையுங்கள்.