வாக்காளர் பட்டியலில் கட்சிக்கு இடமில்லை

பெங்களூரு மாநகரில் வசிக்கும், பதினெட்டு வயது நிறைந்த ஒருவர் முதன்முறையாகத் தம் பெயரை வாக்காளர் பட்டியலில் சேர்க்க விரும்பினால் படிவம் 6-ஐ நிரப்பித் தருதல் வேண்டும். பெயர், உறவினர் பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி முதலியவற்றை அப்படிவம் கேட்கிறது. எக்கட்சியைச் சார்ந்தவர் என்ற வினா அதில் இல்லை. ஆகவே, கர்நாடகத்தில் கட்சிவாரியாக எத்தனை வாக்காளர்கள் பதிவாகியுள்ளனர் என்று கேட்போருக்கு, அத்தகைய கணக்கு அரசிடம் கிடையாது என்பதே விடையாகும்.

அமெரிக்க ஆட்சிமுறையைப் பயிலும் மாணவர்களுக்கு இவ்வினா எழுவது இயல்பே. அங்கு நியூயார்க், பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் வாக்காளர் பதிவின்போதே கட்சிச் சார்பையும் குறிக்கலாம். கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தலில் யார் பங்கு பெறலாம் என்பதை அக்குறிப்பே முடிவு செய்கிறது. பொதுத் தேர்தலில் அது எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. டெக்சாஸ், வர்ஜீனியா மாநிலங்களிலோ இப்பதிவுமுறை இல்லை.

நம் நாட்டில் வேட்பாளரைத் தெரிவு செய்வது கட்சியின் உள்விவகாரம். எனவே, பதிவு செய்துகொள்ள வேண்டியது கட்சியேயன்றி வாக்காளர் அல்லர். 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்டு 1989-இல் நடைமுறைக்கு வந்த 29ஏ பிரிவின்படி, கட்சிகள் இந்தியத் தேர்தல் ஆணையத்திடம் பதிவு பெறுகின்றன. உறுப்பினர் பட்டியல் கட்சி அலுவலகத்தில் இருக்கும். வாக்காளர் பதிவு அதிகாரிக்கு அதனோடு தொடர்பில்லை.

இதற்கு ஒரு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. 1909-ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்கள் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை அளித்து, வாக்காளரைச் சமய அடிப்படையில் பிரித்தன. அரசியலமைப்பின் 325-ஆம் விதி அம்முறையை விலக்கியது. ஒரு தொகுதிக்கு ஒரே பொதுப்பட்டியல் என்றும், சமயம், இனம், சாதி, பால் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எவரையும் அதிலிருந்து விலக்கலாகாது என்றும் அது விதிக்கிறது.

பட்டியலில் கட்சி இல்லாவிடினும் வாக்காளரின் சார்பு முற்றிலும் மறைந்திருப்பதாகக் கொள்ள இயலாது. வாக்குச்சீட்டுக் காலத்தில், தேவையெனக் கருதினால், பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண ஆணையம் உத்தரவிடலாம். இன்று வாக்குப்பதிவு இயந்திரங்கள் தனித்தனியே எண்ணப்படுகின்றன. (அவற்றைத் தயாரிக்கும் இரு பொதுத்துறை நிறுவனங்களுள் ஒன்றான பாரத் எலக்ட்ரானிக்ஸின் தலைமையகம் பெங்களூருவிலேயே உள்ளது.) ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர்களைக் கொண்ட ஒரு சாவடி எக்கட்சிக்கு எத்தனை வாக்குகள் அளித்தது என்பதைப் படிவம் 20 வெளிப்படையாகக் காட்டுகிறது. தனிமனிதரின் வாக்கு தெரிவதில்லை. ஆயினும் ஒரு தெருவின், ஒரு குடியிருப்பின் போக்கு தெரிந்துவிடுகிறது. தோற்ற தரப்புக்கு வாக்களித்த பகுதி பழிவாங்கப்படலாம் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. பல சாவடிகளின் எண்ணிக்கையை ஒன்றுசேர்க்கும் கருவியை ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் அதனைப் பரிந்துரைத்தது. எனினும் அது நடைமுறைக்கு வரவில்லை.

மற்றொரு வழி, வீடு தேடி வந்து விவரம் திரட்டுவது. 2022 நவம்பரில் பெங்களூருவில், வாக்காளர் விழிப்புணர்வுப் பணிக்கு அனுமதி பெற்ற அமைப்பொன்று வாக்காளர்களின் தனிப்பட்ட விவரங்களைத் திரட்டியதாகப் புகார் எழுந்தது. அதனைத் தொடர்ந்து சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரா ஆகிய தொகுதிகளின் பட்டியல்களில் நிகழ்ந்த சேர்த்தல்களையும் நீக்கல்களையும் முழுமையாகச் சரிபார்க்க ஆணையம் உத்தரவிட்டது.

களப்பணியாளர் கருத்திற்கொள்ள வேண்டிய வரம்பு தெளிவானது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் படிவத்தில் உள்ளவற்றையே கேட்கலாம். வாக்களித்த பின்னரும், 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி, தாம் யாருக்கு வாக்களித்தார் என்பதைக் கூறுமாறு நீதிமன்றச் சாட்சியைக்கூடக் கட்டாயப்படுத்த இயலாது. இப்பாதுகாப்புக்குப் புறம்பானது மாநிலங்களவைத் தேர்தல். 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், கட்சியைச் சார்ந்த சட்டமன்ற உறுப்பினர் தம் வாக்குச்சீட்டைக் கட்சி முகவரிடம் காட்டிய பிறகே பெட்டியில் இடுகிறார்.