பாலையின் விருந்தினர்

பாலைவனம் என்றதும் உயிரற்ற மணல்வெளியே பலருக்கும் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கபேசா பிரியேட்டா தேசிய வனவிலங்குப் புகலிடம் அந்த எண்ணத்தை மாற்றிவிடும். 1939ஆம் ஆண்டு மெக்சிகோ எல்லையை ஒட்டி அமைக்கப்பட்ட இப்புகலிடத்தின் பரப்பளவு ஏறத்தாழ 3,480 சதுரக் கிலோமீட்டர். இது சிங்கப்பூரின் பரப்பளவைப்போல் நான்கு மடங்கிற்கும் அதிகமாகும்.

இங்குத் தூண்களைப்போல் சகுவாரோ கள்ளிகள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் தண்டைத் துளைத்து மரங்கொத்தி கூடு அமைக்கிறது. அது விட்டுச் சென்ற பொந்தில் சிறிய ஆந்தை குடியேறுகிறது. பாறை மலைகளில் பெருங்கொம்பு ஆடுகள் வாழ்கின்றன.

இப்பாலைக்குச் செல்ல விரும்புவோர் முன்னதாகவே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். உள்ளே குடிநீரோ எரிபொருளோ கிடைக்காது. கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும். ‘சாத்தானின் பாதை’ என்று பொருள்படும் பழைய வழி ஒன்று இதன் ஊடே செல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தங்கம் தேடி அவ்வழியே சென்றவர்களுள் பலர் தாகத்தால் மாண்டனர். ஆகவே, தேவைக்கும் அதிகமான நீரை எடுத்துச் செல்வதே பயணத்தின் முதல் விதி.

இரண்டாவது விதி விலங்குகளின் நலனுக்கானது. சொனோரா பிராங்ஹார்ன் என்னும் கவைக்கொம்பு விலங்கு மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடியது. எனினும், வறட்சியை அதனால் வெல்ல இயலவில்லை. 2002ஆம் ஆண்டின் கடும் வறட்சிக்குப்பின் அமெரிக்காவில் ஏறத்தாழ 21 பிராங்ஹார்ன்களே எஞ்சின. அதன்பின், வேலியிட்ட பரந்த நிலத்தில் நீரும் தீவனமும் அளித்து அவற்றின் இனத்தைப் பெருக்கினர். அங்கு வளர்ந்தவை மீண்டும் பாலையில் விடப்பட்டன. இன்று அவற்றின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்துள்ளது.

அவை குட்டிகளை ஈன்று வளர்க்கும் மார்ச் நடுப்பகுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை புகலிடத்தின் பெரும்பகுதி மூடப்படுகிறது. மனிதரைக் கண்டு தாய் மிரண்டு ஓடினால், கடும் வெப்பத்தில் அதன் உடல்நீர் வீணாகும். பாலூட்டும் ஆற்றலும் குறையும். குட்டி தனித்து நின்று இரையாகிவிடவும் கூடும்.

வசந்தகாலத்தில் பாலை மலர்களைக் காண விரும்பும் பயணிகளுக்கு இத்தடை ஏமாற்றம் அளிக்கலாம். ஆயினும், பயணி அடுத்த பருவத்தில் மீண்டும் வரலாம். அழிந்த இனமோ திரும்பி வராது. நாம் விருந்தினராகச் செல்லும் இடத்தில் வீட்டாரின் வசதியறிந்து நடப்பதே பண்பு அன்றோ?