ஒரே இரவில் கற்ற கையெழுத்து

குஜராத் மாநிலத்தில் அகமதாபாத் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கே பெரிய துணிச் சந்தை உண்டு. அந்தச் சந்தையில் பல பெண்கள் மூட்டை சுமந்தார்கள். வண்டி இழுத்தார்கள். வேறு சில பெண்கள் தெருவில் காய்கறி விற்றார்கள். சிலர் பழைய துணி வியாபாரம் செய்தார்கள்.

எல்லாரும் நாள் முழுவதும் உழைத்தார்கள். ஆனாலும் கையில் காசு தங்கவில்லை. ஏன்?

சரக்கு வாங்க அவர்களிடம் பணம் இல்லை. காலையில் வட்டிக்காரரிடம் 50 ரூபாய் வாங்குவார்கள். மாலையில் 55 ரூபாய் கொடுப்பார்கள். ஒரே நாளில் 5 ரூபாய் வட்டி! வண்டியும் சொந்தம் இல்லை. அதற்குத் தினமும் வாடகை கொடுக்க வேண்டும்.

இலா பட் என்பவர் சட்டம் படித்தவர். துணி ஆலைத் தொழிலாளர் சங்கத்தில் பெண்கள் பிரிவை நடத்தி வந்தார். மூட்டை தூக்கும் பெண்கள் அவரிடம் வந்தார்கள். கூலி சரியாகக் கிடைக்கவில்லை என்றார்கள். இலா பட் அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போனார். அவர்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

இலவசமாகப் பணம் கொடுத்தால் துன்பம் தீராது என்று அவருக்குப் புரிந்தது. 1972ஆம் ஆண்டு பெண்கள் ஒன்றுசேர்ந்து ‘சேவா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். "முதலாளியே இல்லாத உங்களுக்குச் சங்கம் எதற்கு?" என்று அதிகாரிகள் கேட்டார்கள். பெண்கள் விடவில்லை. சங்கம் பதிவானது.

அடுத்து, கடன் தொல்லை. மற்ற வங்கிகளில் ஏழைப் பெண்களுக்கு மதிப்பு கிடைக்கவில்லை. "நமக்கு நாமே ஒரு வங்கி தொடங்கினால் என்ன?" என்று பெண்கள் கேட்டார்கள். சுமார் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குப் பணம் போட்டார்கள்.

ஆனால் ஒரு தடை வந்தது. வங்கியைப் பதிவு செய்ய 15 பெண்கள் கையெழுத்துப் போட வேண்டும். அவர்களுக்கு எழுதத் தெரியாது. இரவு முழுவதும் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். கை வலித்தது. பலமுறை அழித்து எழுதினார்கள். பிறகு தங்கள் கையாலேயே கையெழுத்துப் போட்டார்கள். 1974ஆம் ஆண்டு சேவா வங்கி பிறந்தது.

படிக்கத் தெரியாதவர்களுக்கும் அங்கே வழி இருந்தது. கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்து ஒவ்வொருவரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படமே அவர்களுக்கு அடையாளம். சிறுகச் சிறுகச் சேமித்தார்கள். நியாயமான வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். பலர் சொந்தமாக வண்டி வாங்கினார்கள்.

இலா பட் 2022ஆம் ஆண்டு காலமானார். சேவாவின் பணி தொடர்கிறது.

நல்ல சமூகப் பணியாளர் துன்பத்தைக் கேட்பார். வழி காட்டுவார். கூட நிற்பார். நடக்க வேண்டியவர்கள் மக்களே.

சிந்திப்போம்

1. தினம் 5 ரூபாய் வட்டி என்றால் 30 நாளில் எவ்வளவு?
2. பெண்கள் ஏன் தனி வங்கி தொடங்கினார்கள்?
3. உங்கள் ஊரில் கடன் தொல்லை உண்டா? ஒன்றுசேர்ந்தால் என்ன செய்யலாம்?