ஆமை நடைக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு

சாகசம் தேடி வருகிறவர் தொண்டுக்கு உதவமாட்டார் என்று மூத்த தொண்டர்கள் சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. நள்ளிரவில் அலையோரம் நடக்கும் ஆசையில் வந்தவர்கள் பலர் அடுத்த ஆண்டும் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசையை வேலையில் இறக்கிவிடுவதுதான் குழுவை நடத்துகிறவரின் பொறுப்பு.

சென்னையில் அதற்கு நல்ல களம் ஆமை நடை: இரவில் கடற்கரையோரம் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடி, முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்க்கும் வேலை. 1970களின் தொடக்கத்தில் ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் இங்கே இப்படி நடக்கத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு தொடர்ந்து நடத்திவருகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையேறும் பருவம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மணல்.

புதிதாக வருகிறவரிடம் கிளம்பும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இன்று ஆமையைப் பார்க்காமலே வீடு திரும்பலாம். இதை மறைத்து அழைத்து வந்தால் பாதி வழியிலேயே முகம் வாடிவிடும். அடர்நிற உடை, குடிதண்ணீர், கண்ணாடிச் சில்லைத் தாங்கும் செருப்பு போதும். செல்போன் வெளிச்சம் கூடாது. கரையேற வரும் ஆமை வெளிச்சத்தையும் நடமாட்டத்தையும் கண்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பக்கூடும். பகலில் கொஞ்சம் தூங்கிவிட்டு வரச் சொல்லுங்கள்.

பிறகு கையில் வேலை கொடுங்கள். வேடிக்கை பார்க்க மட்டும் விட்டால் ஒரே இரவோடு போய்விடுவார்கள். டிராக்டர் போனது போன்ற தடம் மணலில் தெரிந்ததும், கூடு எங்கே என்று குச்சியால் குத்திப் பார்ப்பது பழகிய கைக்கு மட்டும்; குத்து தவறினால் முட்டை உடையும். ஆனால் குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளக்க, முட்டைகளை எண்ண, நேரத்தைக் குறிக்கப் புதியவரால் முடியும். ஒரு கூட்டில் நூற்றுக்கு மேல் முட்டைகள் இருக்கும். எண்ணிக்கை பிசகாமல் எண்ணி முடித்த கல்லூரிப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள், அடுத்த வாரமும் வருவாள்.

முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதில் தாமதம் கூடாது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் புரட்டினால் செத்துவிடும். பையைக் குலுக்காமல் தூக்க வேண்டும், கூட்டில் இருந்த அதே ஆழத்தில் புதைக்க வேண்டும். பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறை அனுமதி பெற்ற குழுவோடு இல்லாமல் யாரும் தனியாகக் கூட்டைத் தோண்டக் கூடாது. ஆர்வம் மிகுந்தவர்களிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்லுங்கள்.

நான் அதிகம் வலியுறுத்துவது குப்பங்களைப் பற்றி. நாம் நடக்கும் கரை மீனவர்கள் வாழும் கரை. முதல் நடைக்கு முன்பே ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசுங்கள். எந்தப் பக்கம் ஆமை ஏறுகிறது என்பது இரவில் வலை பார்க்கும் அண்ணன்களுக்குத் தெரியும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் வலையில் சிக்கிச் செத்து ஒதுங்கியபோது கோபத்தில் மீனவர் எல்லோரையும் பழித்தவர்கள் உண்டு. இழுவைமடி போடும் விசைப்படகு வேறு, குப்பத்து ஃபைபர் படகு வேறு. இந்த வித்தியாசம் தெரியாத தொண்டரைக் குப்பத்தில் பேச அனுப்பாதீர்கள். பேசுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இரவில் நடக்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும். மாடி வீட்டு விளக்கும் தெருவிளக்கும் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். கடலோரக் குடியிருப்பில் இருப்பவர்கள் பிப்ரவரியிலேயே சங்கக் கூட்டத்தில் பேசி, கடலைப் பார்த்த விளக்குகளை இரவில் அணைக்க வழிசெய்யலாம். மூட்டுவலிக்காரரும் கைக்குழந்தைக்காரரும் இதைச் செய்யலாம். அவர்கள் பெயரையும் தொண்டர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.