கற்பிட்டியிற் கம்பியில்லாத் தொடர்பு

கற்பிட்டிக் குடாநாடு ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் கடனீரேரியும் அணைக்கக் கிடக்கும் மணற்பரப்பாகும். மலையில்லை, குன்றுமில்லை. இத்தகைய சமநிலத்தில் வானலைக்குத் தடை யாது என அயலூரார் வினவுதல் கூடும். ஆயினும் இரவு ஏழு மணிக்கு இணையத்திற் பாடம் பார்க்க முயலும் மாணவனைக் கேட்பின், கைத்தொலைபேசியில் நான்கு கோடுகளும் நிமிர்ந்து நிற்க, பாடம் மட்டும் வந்து சேராமையைக் கூறுவான். அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

1925இல் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது முதல் நம்மவர் நன்கறிந்த கம்பியில்லாச் சாதனம் வானொலியே. அதனை இலட்சம் பேர் கேட்பினும் ஒருவர் பங்கு மற்றவராற் குறைவதில்லை. கைத்தொலைபேசி அத்தகையதன்று. ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அதன் எல்லைக்குள் உள்ளோர் யாவரும் பகிர்ந்தே கொள்ளல் வேண்டும். கோடுகள் அலையின் வலிமையைக் காட்டுவன. பங்கின் அளவைக் காட்டா.

பங்காளரோ பெருகிவிட்டனர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் புத்தளத்திலும் இக்குடாநாட்டிலும் குடியேறினர். நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கிற்று. உல்லாசப் பயணிகளும் வரலாயினர்.

இதற்குக் கிணறே தக்க உவமை. நம் மணற்றரையில் நன்னீர் உவர்நீரின் மீது மெல்லிய படையாய் மிதக்கின்றது. ஒரே கிணற்றை ஆழமாக்கி மிகுதியாக இறைப்பின் உவர் மேலேறும்; பல கிணறுகளில் அளவாய் இறைத்தலே நன்று. தோட்டக்காரர் அறிந்த இவ்வுண்மை கோபுரத்துக்கும் பொருந்தும். அதனை மேலும் உயர்த்தி வலுவைக் கூட்டினால், அதன் அலை அயற்கோபுரத்தின் எல்லையுட் புகுந்து குழப்பும். அன்றியும், கைத்தொலைபேசி அனுப்பும் வலு ஏறக்குறைய உவாற்றின் ஐந்திலொரு பங்கே. கோபுரம் எத்துணை உரக்கக் கூவினும் இதன் முணுமுணுப்பு அதற்கு எட்டவேண்டுமே! ஆதலின் குறுகிய எல்லையுடைய சிறு கோபுரங்கள் பலவற்றைக் குடியிருப்புகளுக்கு அணித்தாக நிறுவி, அவற்றை ஒளியிழை வடத்தால் இணைத்தலே வளரும் ஊருக்கேற்ற முறை. ஒரே அலைவரிசையை மீண்டும் மீண்டும் பயன்படுத்தவும் இதனால் இயலும்.

வீட்டருகே கோபுரம் வேண்டாமென்பார் உளர். அவ்வச்சத்தை நாம் நகையாடோம். ஆயினும் கோபுரம் அணித்தாயின், காதோடு வைத்திருக்கும் கைத்தொலைபேசி தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதையும் அவர் கருதுதல் வேண்டும்.

பத்தலங்குண்டு போன்ற தீவுகளின் நிலை வேறு. அங்கே ஆட்கள் சிலர், தூரமோ பெரிது. உயர்ந்த கோபுரமும் 900 மெகாஹேட்ஸ் போன்ற தாழ்ந்த மீடிறனுமே கடற்றொழிலாளருக்கு உதவும்.

பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடிக்கிடந்த 2021இல், போகிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் அலை வேண்டிப் பாறையேறினர். அவர்க்கு ஏறிய பயன் கிட்டிற்று. நெரிசலால் இடர்ப்படும் நம் பிள்ளை தென்னையேறினும் பயனில்லை.

எனவே நிறுவனங்களுக்கோ தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கோ விண்ணப்பிப்போர் ‘சிக்னல் இல்லை’ என்று மட்டும் எழுதுதல் போதாது. ஒரே இடத்தில் விடியற்காலையிலும் இரவிலும், வீட்டினுள்ளும் முற்றத்திலும் வேகத்தை அளந்து குறித்தல் வேண்டும். முற்றத்தில் நன்றாய் உள்ளே குன்றின், குற்றம் தகரக் கூரையிலோ கொங்கிறீற்றுச் சுவரிலோ உளது. விடியலில் நன்றாய் இரவிற் குன்றின், அது நெரிசல். எவ்வேளையும் எவ்விடத்தும் குன்றின், பெரும்பாலும் தூரமே காரணம். மேல்வகுப்பு மாணவர் ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று ஒரு வாரத்தில் இதனைச் செய்து முடிக்கலாகும்.