பாம்பு வளரும், பெட்டி வளராது

யாங்கூன் நகரத்தில் போட்டாதாங் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பெயருக்கு ‘ஆயிரம் படைத்தலைவர்கள்’ என்று பொருள். அங்கே ஆற்றங்கரையில் நீங்கள் உங்கள் தாத்தாவோடு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்கு அக்கரையில் தலா என்ற ஊர். தலாவிலிருந்து துவாண்டே போகும் வழியில், ஓர் ஏரியின் நடுவே ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. பாலத்தில் நடந்து உள்ளே போகிறீர்கள். ஜன்னலில் ஒன்று, தரையில் ஒன்று... எல்லாம் மலைப்பாம்புகள்!

நீங்கள்: தாத்தா, இதுக்கு விஷம் இருக்கா?

தாத்தா: விஷம் கிடையாது கண்ணு. ஆனா பல்லு கூர்மையா இருக்கும். இரையைச் சுத்தி வளைச்சு, இறுக்கிப் பிடிச்சு, முழுசா விழுங்கும்.

நீங்கள்: இங்க சும்மாதானே படுத்திருக்கு?

தாத்தா: வயிறு நிறைஞ்சிருந்தா பேசாம படுத்திருக்கும். அதுக்காகத் தொட்டு விளையாடக் கூடாது.

நீங்கள்: எனக்கும் ஒரு குட்டி வேணும். நம்ம வீட்டுல வளர்க்கலாமா?

தாத்தா: முதல்ல அதைப் பத்தித் தெரிஞ்சுக்கோ. அப்புறம் கேளு.

தாத்தா சொன்னது சரிதான். வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

நடுங்கும் தாய்

இது பர்மா மலைப்பாம்பு. ஒரே தடவையில் 30, 40 முட்டைகள்கூட இடும். பிறகு தாய் அவற்றைச் சுற்றிச் சுருண்டு படுத்துக்கொள்ளும். சுமார் 2 மாதம் அடைகாக்கும். அந்த நாட்களில் பெரும்பாலும் இரை தேடாது.

பாம்பின் உடம்பில் நம்மைப் போலச் சூடு இருக்காதே, பிறகு எப்படி அடைகாக்கும்? குளிர் அதிகமானால் தாய்ப்பாம்பு தன் தசைகளை நடுக்கிக்கொண்டே இருக்கும். அந்த அசைவால் சூடு உண்டாகும். குளிரில் நம் உடம்பு நடுங்குகிறதே, அதே வழிதான்!

மலைப்பாம்பு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் முட்டைகளை எடுத்து, சூடும் ஈரமும் சரியாக இருக்கும் பெட்டியில் வைப்பார்கள். தாய் செய்த வேலையை இப்போது அந்தப் பெட்டி செய்கிறது.

குட்டி எப்போதும் குட்டியா?

முட்டையிலிருந்து வரும் குட்டி சுமார் அரை மீட்டர் நீளம் இருக்கும். ஒரு கண்ணாடிப் பெட்டியே போதும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சில ஆண்டுகளில் அது 3 மீட்டரையும் தாண்டிவிடும். சில பாம்புகள் 5 மீட்டர்கூட வளரும். அப்போது அதற்கு ஓர் அறையே வேண்டும். தின்ன எலி போதாது, முயல் வேண்டும். தூக்க ஒருவர் போதாது. இப்படி 20 ஆண்டுகளுக்கு மேலும் அது உயிர்வாழும். இன்று உங்களுக்கு 10 வயது என்றால், உங்களுக்கு 30 வயது ஆகும்போதும் அது உங்கள் பொறுப்புதான்.

வெளியே விட்டால் என்ன?

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் பலர் இந்தக் குட்டிகளை ஆசையாக வாங்கினார்கள். வளர்ந்ததும் சமாளிக்க முடியவில்லை. சிலர், “பாவம், எங்கேயாவது பிழைச்சுப் போகட்டும்” என்று சதுப்புநிலத்தில் விட்டுவிட்டார்கள். சில பாம்புகள் தாமாகவே தப்பிப் போயின. அங்கே வெயிலும் தண்ணீரும் நிறைய உண்டு. பாம்புகள் பெருகின. ஆனால் அங்கிருந்த முயல்களும் ரக்கூன்களும் மிகவும் குறைந்துவிட்டன. 2012இல் அமெரிக்கா பர்மா மலைப்பாம்பை நாட்டுக்குள் கொண்டுவரத் தடை போட்டது.

2017இல் அந்தப் பாம்புகளைத் தேட, தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேர் அங்கே போனார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். இருவரும் இருளர்கள். பாம்பு பிடிப்பதில் இருளர்கள் பெயர் பெற்றவர்கள். பாம்பு போன தடம் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினார்கள்! 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் பிடிப்பதால், இதே பாம்பு தன் சொந்தக் காடுகளில் குறைந்து வருகிறது. இருக்க வேண்டிய இடத்தில் குறைகிறது. இருக்கக் கூடாத இடத்தில் பெருகுகிறது. இரண்டுக்கும் காரணம் மனிதர்கள்தான். தப்பு பாம்பின் மேல் இல்லை.

இப்போது தாத்தா உங்களைக் கேட்கிறார்: “என்ன கண்ணு, இன்னும் குட்டி வேணுமா?” நீங்கள் என்ன சொல்வீர்கள்?

புதிய சொற்கள்

இரை – விலங்கு பிடித்துத் தின்னும் உயிர்
அடைகாத்தல் – முட்டைக்குச் சூடு கொடுத்துக் காத்தல்
சதுப்புநிலம் – எப்போதும் ஈரமாக இருக்கும் சேற்று நிலம்
தடம் – போன வழியில் பதிந்த அடையாளம்

பேச்சும் எழுத்தும்

சுத்தி – சுற்றி
வளைச்சு – வளைத்து
அதைப் பத்தி – அதைப் பற்றி
படுத்திருக்கு – படுத்திருக்கிறது

பயிற்சி

1. தாய்ப்பாம்பு முட்டைகளுக்கு எப்படிச் சூடு கொடுக்கிறது?
2. வளர்த்த பாம்பை வெளியே விட்டால் மற்ற விலங்குகளுக்கு என்ன ஆகும்?
3. தாத்தாவின் கடைசிக் கேள்விக்கு உங்கள் பதிலைப் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். பிறகு அதையே எழுத்துத் தமிழில் 3 வரிகளில் எழுதுங்கள்.